மேல் தட்டு வண்டுகள்

இருபத்தேழு என்ற எண்ணை எங்கே பார்த்தாலும் எனக்கு வாய் கசக்கிறது. பஸ் டிக்கெட்டில் வந்தாலும் சரி, காலண்டரில் வந்தாலும் சரி. ஆறு வருஷமாக ஒரு பதிவேட்டில் காலை, மதியம், சாயந்திரம் என்று மூன்று கட்டங்களில் அந்த எண்ணைத்தான் எழுதிவந்தேன். அது எங்கள் வளர்ப்பு அறையின் வெப்பம். அதாவது, இருந்திருக்க வேண்டிய வெப்பம்.

பூச்சியைத் தின்னும் பூச்சியை வளர்ப்பது என் வேலை. மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு போகிற ரோட்டில், முன்பு தக்காளி தரம் பிரிக்கிற கொட்டகையாக இருந்த ஒரு தகரக் கட்டடத்தில் எங்கள் கூடம் இருக்கிறது. கல்யாண வீடுகளில் யாராவது, "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டு நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் ஆட்களில் ஒருவர், "அவரு வண்டு மேய்க்கறாருங்க" என்று முந்திக்கொள்வார். பந்தியே சிரிக்கும். நானும் சிரித்துவைப்பேன். உள்ளுக்குள் எனக்கு அந்த வேலையில் ரொம்பப் பெருமை இருந்தது. அதுதான் வினை.

வேலை சுலபமாகச் சொல்லிவிடக் கூடியது. சர்க்கரைப் பூசணிக்காய்களைக் கழுவித் துடைத்து, காம்பில் மெழுகு வைத்து, அவற்றின்மேல் மாவுப்பூச்சியை ஏற்றுவோம். இரண்டு வாரத்தில் காய் முழுக்க வெள்ளைப் பஞ்சு அப்பிக்கொள்ளும். அதன் பிறகு அந்தக் காய்களைத் துணி போட்ட கூண்டில் வைத்து, மிளகைவிடக் கொஞ்சம் பெரிய, தலை செம்பழுப்பாகவும் முதுகு கறுப்பாகவும் இருக்கிற பொறிவண்டுகளை விடுவோம். பஞ்சுக்குள்ளே வண்டு முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வரும் புழு மாவுப்பூச்சியைத் தின்றே வளரும். ஒரு மாதம் போனால் புது வண்டு. அதை டப்பாவில் பிடித்து விவசாயிகளுக்குக் கொடுப்போம். தோட்டத்தில் அந்த வண்டு தின்பது முக்கியம்தான். ஆனால் அதைவிட முக்கியம், அது அங்கே முட்டை வைத்துப் பெருகுவது. விட்ட வண்டு எத்தனை நாளைக்கு? அதன் பிள்ளைகள்தான் தோட்டத்தைக் காப்பாற்ற வேண்டும்.

இதெல்லாம் நடக்க அறை இருபத்தேழு டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். குளிர்ந்தால் புழு மந்தமாகி வளர நாள் இழுக்கும். சூடேறினால் விறுவிறுவென்று வளரும். பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் உடம்பு சிறுத்துவிடும். பெண் வண்டு கொஞ்சமாக முட்டை வைக்கும். வைத்ததிலும் பாதி பொரிக்காது. இன்னும் சூடேறினால் ஒன்றுமே பொரிக்காது. நான் விலங்கியல் படித்தவன். இது பாடத்தில் வந்தது, பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். மார்க் வாங்கினதோடு சரி.

எங்கள் அறையில் ஒரே ஒரு ஏசி. அதற்கு நேர் கீழே, ஆள் கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு ஆணி. ஆணியில் வெப்பமானி. ஏசிக் காற்று அதன் முகத்திலேயே அடிக்கும். பிறகு அது வேறு எதைக் காட்டும்? எதிர்ச் சுவரில் ஐந்து அடுக்கு இரும்பு அலமாரிகள், தகரக் கூரைக்கு இரண்டடி கீழே வரைக்கும். அங்கே ஏறி யாரும் வெப்பம் பார்த்ததில்லை. பார்க்கச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை.

முட்டை பொரித்துப் புழு வந்த கூண்டுகளை மேல் தட்டில் ஏற்றினால் வண்டு ஒரு வாரம் முன்னாலேயே வருகிறது என்பதைக் கண்டுபிடித்தவன் நான்தான். கண்டுபிடிப்பு என்றே அப்போது நினைத்தேன். பங்குனி, சித்திரையில் விவசாயிகள் வரிசையாகக் கேட்பார்கள். எங்களிடம் டப்பா இருக்காது. போனில் வசவு வாங்கி மேனேஜருக்குக் காது புண்ணாகிவிடும். அப்படி ஒரு நாள் நான் போய், "சார், அர்ஜென்ட் ஆர்டர மேல் தட்டுல வெச்சுட்டா சீக்கிரம் வந்துருது சார்" என்றேன். அவர் ஒரு தடவை மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்ல ஐடியாங்க. இத்தன நாளா ஏன் சொல்லல?" என்றார். அன்றிலிருந்து அதற்கு அவசரத் தட்டு என்று பெயர். சாக்பீஸால் நானே அதன் கம்பியில் எழுதினேன். அது ஏன் சீக்கிரம் வருகிறது என்று மேனேஜரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் பதில் என் பாடப்புத்தகத்திலேயே இருந்தது.

என் அக்காவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எனக்கு நாலு வயது மூத்தவள். மாரண்டஹள்ளிக்கு வடக்கே, பாதி வீடுகளில் கன்னடம் பேசுகிற ஒரு ஊரில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு ஏக்கர் மல்பெரி, வீட்டுக்குப் பின்னால் ஒரு புழு மனை. வருஷத்துக்கு ஏழெட்டு தடவை பட்டுப்புழு வளர்த்துக் கூடு எடுத்துத் தர்மபுரிக்குக் கொண்டுபோவார்கள். எட்டாவதோடு நின்றவள். ஆனால் அவள் மனையில் இரண்டு வெப்பமானி தொங்கும், ஒன்று வாசலில், ஒன்று நடுவில். காலையில் பார்ப்பாள், மத்தியானம் பார்ப்பாள், சாயந்திரம் பார்ப்பாள். வெயில் ஏறினால் ஜன்னலுக்கு நனைத்த சாக்கு கட்டுவாள், கூரைமேல் தென்னங்கீற்று போட்டுத் தண்ணீர் அடிப்பாள். எங்கள் சித்தப்பா மகள் கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்த கையோடு, "சாக்கு காஞ்சிருக்கும்" என்று பஸ் ஏறிவிட்டாள். சாப்பிடக்கூட இல்லை. நாங்கள் எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அவள் மனைக்குள்ளே கொசுவர்த்தி வாசம் வந்தால்கூடச் சண்டை பிடிப்பாள். பவுடர் பூசிக்கொண்டு யாரும் உள்ளே போக முடியாது. பட்டுப்புழுவுக்கு மருந்து வாடை ஆகாது. அதனால் மல்பெரிக்கு மாவுப்பூச்சி வந்தால், மற்ற பயிர் மாதிரி டேங்க்கை முதுகில் மாட்டி அடித்துவிட்டுப் போக முடியாது. அடித்த தழையைப் புழுவுக்குப் போட்டால் மனையே காலி. அவளுக்குப் போக்கிடம் என் வண்டுதான்.

அந்த வருஷம் பங்குனிக் கடைசியில் போன் செய்தாள்.

"டேய், கொழுந்தெல்லாம் சுருட்டிக்கிச்சுடா. நுனிய விரிச்சுப் பாத்தா வெள்ள வெள்ளயா இருக்குது. மாமா நுனிய வெட்டி எரிச்சுப்புடலாங்கறாரு."

"வெட்ட வேண்டாம்க்கா. நான் வண்டு கொண்டாரேன். வெட்டுனா வண்டு வெக்கற முட்டையும் அதோட போயிரும்."

"எப்ப வருவ?"

"இந்த வாரமே வரேன்."

அவளுக்கு நல்லதாகக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கீழ்த் தட்டு வண்டு வர இன்னும் பத்து நாள் ஆகும். மேல் தட்டில் அன்றுதான் புதிதாக வெளிவந்து துணியில் சுறுசுறுவென்று ஓடிக்கொண்டிருந்தன. ஸ்டூல் போட்டு ஏறி, ஒவ்வொன்றாகப் பிடித்து டப்பாவில் போட்டேன். மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிட நாலு டப்பா அதிகம். ஏறி நின்றபோது முகத்தில் அனல் அடித்தது. கழுத்தில் வேர்வை வழிந்ததைத் துண்டால் துடைத்துக்கொண்டேன். அது எனக்கு வெறும் வேர்வையாகத்தான் தெரிந்தது.

விடிந்ததும் வெயிலுக்கு முன்னால் வண்டியில் போய் நானும் அக்காவும் வரிசை வரிசையாக நடந்து வண்டுகளை விட்டோம். அவளுக்கு ஒரு சந்தேகம். வண்டுப் புழுவும் மேலெல்லாம் வெள்ளை நூலோடு மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். தெரியாத விவசாயிகள் அதையும் நசுக்கிவிடுவார்கள்.

"அப்ப எதுடா நம்மது, எது மாவுப்பூச்சின்னு எப்பிடித் தெரியறது?"

"ஒரு குச்சியால லேசா தொட்டுப் பாருக்கா. விறுவிறுன்னு நடந்தா நம்மது. அப்படியே ஒட்டிக்கிட்டு இருந்தா மாவுப்பூச்சி."

"நடந்தா நம்மது" என்று அவள் தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

முதல் வாரம் நன்றாகத்தான் போனது. வண்டுகள் தின்றன. அக்கா போனில் சந்தோஷமாகப் பேசினாள். நான் கூடத்தில் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னேன். இரண்டாவது வாரம், "வண்டு கொறஞ்சாப்பல இருக்குது" என்றாள். அப்படித்தான் இருக்கும், முட்டை வைத்திருக்கும், இனிமேல் புழுவைத்தான் பார்க்க வேண்டும் என்றேன். மூன்றாவது வாரம் அவள் தினமும் காலையில் தீக்குச்சியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். கொழுந்து கொழுந்தாகத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணுகூட நடக்கலடா" என்றாள்.

"இன்னும் ரெண்டு நாள் பாருக்கா. சின்னப் புழு கண்ணுக்குத் தெரியாது."

"மாமா திரும்பவும் வெட்டலாங்கறாரு."

"வேண்டாம். வெட்டாதீங்க."

வெட்ட வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். இரண்டு தடவையும் என் பேச்சைக் கேட்டாள். அப்போதே நுனிகளை வெட்டி எரித்திருந்தால் பாதித் தோட்டமாவது துளிர்த்திருக்கும். நான் படித்தவன், அந்த வேலையிலேயே இருப்பவன், தம்பி வேறு. கேட்காமல் என்ன செய்வாள்? வெள்ளையாகத் தெரிந்ததையெல்லாம் ஒரு வேளை நம்முடையதாக இருக்குமோ என்று நசுக்காமல் விட்டாள். அவள் விட்டுவைத்தது முழுக்க மாவுப்பூச்சி.

இதற்கு நடுவில் மனையில் புழுக்கள் நாலாவது தோல் உரித்து எழுந்துவிட்டன. அதற்கப்புறம்தான் அவை அசுரத் தீனி தின்னும். கூடை கூடையாகத் தழை வேண்டும். தோட்டத்தில் இருந்தது சுருண்டு, கருத்து, தடித்துப்போன தழை. அக்கா பக்கத்து ஊர்களில் அலைந்து ஆட்டோவில் தழை வாங்கி வந்தாள். அவரவர் மனையிலும் புழு இருந்ததால் கொடுக்க யாருக்கும் மிச்சமில்லை. ஐந்து நாள் எப்படியோ ஓட்டினாள். ஆறாம் நாள் நான் போனபோது, மனைக்குள்ளே சத்தமே இல்லை. புழுக்கள் நன்றாகத் தின்னும்போது மழை தூறுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அது இல்லை. பசியில் தலையைத் தூக்கித் தூக்கிக் காற்றில் தேடிக்கொண்டிருந்தன. கூடு கட்ட சந்திரிகைத் தட்டில் எடுத்து விட்டதில் கொஞ்சம் மட்டும் மெல்லிசாகக் கட்டின. மற்றதைக் கூடையில் அள்ளிக் குழியில் கொட்டினார்கள். அக்கா அழவில்லை. குழியில் சுண்ணாம்புத் தூள் தூவினாள், கூடையைக் கழுவி வெயிலில் கவிழ்த்தாள். நான் திண்டாடிக்கொண்டு கிணற்று மேட்டிலேயே நின்றேன்.

மாமா சும்மா இருக்கவில்லை. அந்த ஊரில் இன்னும் மூன்று பேருக்கு எங்கள் வண்டு பலிக்கவில்லை. எல்லாரையும் சேர்த்துக்கொண்டு வந்து மேனேஜரிடம் ஒரு மனு கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மேனேஜர் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பக்கம் பக்கமாக இருபத்தேழு. அவர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்.

அன்று மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, ஆணியில் இருந்த வெப்பமானியைக் கழற்றி, ஸ்டூல் போட்டு ஏறி, அவசரத் தட்டில் வைத்தேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தேன். முப்பத்தாறு. இன்னொரு கால் மணி நேரம் வைத்தேன். இறங்கவில்லை. அந்தத் தட்டில் இருந்த ஒரு பழைய காயில் பஞ்சைப் பிரித்துப் பார்த்தேன். அந்தச் சூட்டில் வளர்ந்த வண்டு வைத்த முட்டை நாலைந்து இருந்தது. சுருங்கி, சப்பையாக, பழுப்பாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெப்பமானியைத் திரும்பக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினேன். அது பத்து நிமிஷத்தில் இருபத்தேழுக்கு வந்துவிட்டது. விசுவாசமான வெப்பமானி.

மறுநாள் பதில் கடிதம் தயாராகி வந்தது. பதிவேட்டின்படி வளர்ப்பு அறையின் வெப்பம் இருபத்தேழு டிகிரியில் சரியாகவே பராமரிக்கப்பட்டுள்ளது. தோட்டத்தில் பூச்சிக்கொல்லி மருந்து தெளிக்கப்பட்டதால் வண்டுகள் பெருகாமல் போயிருக்கலாம். கீழே அறைப் பொறுப்பாளர் என்று என் பதவி, அதன்மேல் ஒரு கோடு.

கொசுவர்த்தி வாசத்துக்கே சண்டை பிடிக்கிறவள் மல்பெரிக்கு மருந்து அடித்தாள் என்று எழுதியிருந்தது. அவள் தன் வாயில் போட வேண்டிய சோற்றில் தானே விஷம் வைத்துக்கொண்டாள் என்பதற்குச் சமம் அது. எனக்கு அது பொய் என்று தெரியும். அறையின் வெப்பமும் பொய் என்று முந்தின நாளிலிருந்து தெரியும். எனக்குக் கை நடுங்கியது, மனசு அடித்துக்கொண்டது என்றெல்லாம் எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன், பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். டீ வந்தது, குடித்தேன்.

இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. ஆடி நோம்புக்கு அம்மா கட்டாயப்படுத்தி அனுப்பினாள். அக்கா தோட்டத்தில் மல்பெரியைப் பிடுங்கிவிட்டு ராகி விதைத்திருந்தார்கள். புழு மனை பூட்டிக் கிடந்தது. மாமா என்னைப் பார்த்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டார். அக்கா சோறு போட்டாள். முன்பு போலவே இரண்டாவது கரண்டி கேட்காமல் வைத்தாள். கை கழுவித் திரும்பியபோது கேட்டாள்.

"உங்க ரூம்புல எத்தன டிகிரிடா இருந்துச்சு?"

"இருபத்தேழு" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அது கடுதாசியில பாத்தேன். நான் ரூம்பக் கேக்கல. என் வண்டு இருந்த எடத்துல எத்தன?"

துண்டை எடுத்து ஈரக் கையைத் துடைத்தேன்.

"அது தகரங் கட்டடந்தான?" என்றாள். "மேல் தட்டுல வெச்சியா?"

தலையை ஆட்டினேன்.

"சித்திரையில நான் மேல் தட்டு போடவே மாட்டேன்டா. வெறுந் தட்டாக் கெடக்கும். அங்க வளந்த புழு சீக்கிரம் பழுத்துக் கூடு கட்டிரும், ஆனா அந்தக் கூடு ஒண்ணுத்துக்கும் ஆவாது. இது எனக்கே தெரியுது. ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். உள்ளே போய் சாவியை எடுத்து வந்து மனையைத் திறந்தாள். நடுவில் தொங்கிய வெப்பமானியைக் கழற்றி, முந்தானையால் தூசி துடைத்து என் கையில் கொடுத்தாள்.

"எனக்கினி இது எதுக்கு? நீ கொண்டுபோ."

அப்புறம், நான் வண்டியைக் கிளப்பும்போது, அதே சாதாரணக் குரலில், "மருந்தடிச்சேன்னு எழுதிட்டியேடா" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டாள்.

அவள் வெப்பமானியை மறுநாள் அவசரத் தட்டில் கட்டினேன். ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். முப்பத்திநாலு. ஆடி மாதத்திலேயே முப்பத்திநாலு. பதிவேட்டை விரித்து அந்தக் கட்டத்தில் முப்பத்திநாலு என்று எழுதினேன். வேலை போனால் போகட்டும் என்று ஒரு வீம்பு. இனி என்ன, யார் முன்னால் நல்லவனாக நிற்க வேண்டும்? மத்தியானம் முப்பத்தைந்து என்று எழுதினேன். சாயந்திரம் முப்பத்திமூன்று. யாராவது கூப்பிடுவார்கள், கேட்பார்கள், கத்துவார்கள் என்று காத்திருந்தேன். சொல்ல வேண்டியதை மனசுக்குள் கோத்து வைத்திருந்தேன்.

சனிக்கிழமை மேனேஜர் பதிவேட்டை வாங்கி, பச்சை மையில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமையும் போட்டார். ஐப்பசியில் மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, "கட்டம் ஒண்ணுகூட விடாம எழுதியிருக்கீங்க, வெரி குட்" என்று சீல் அடித்தார். அந்தப் பக்கத்தில் எண்கள் எல்லாம் முப்பதுக்கு மேல். ஒருவரும் கேட்கவில்லை. இன்று வரைக்கும் கேட்கவில்லை.

ஆறு வருஷம் நான் பொய்யை எழுதியது யாருக்காக என்று இப்போது யோசித்தால் ஆள் யாரும் அகப்படவில்லை. முப்பத்தாறு என்று அப்போதே எழுதியிருந்தாலும் கையெழுத்து விழுந்திருக்கும். கடிதம் அடித்தவர் அந்த எண்ணைப் பார்த்து அப்படியே அடித்திருப்பார். அக்காவின் தோட்டத்தில் குற்றம் கண்டுபிடிக்க வழியே இருந்திருக்காது. அவசரத் தட்டை நானாகவே காலி செய்துவிட்டேன். அதற்கும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கம்பியில் சாக்பீஸ் எழுத்து மட்டும் இன்னும் இருக்கிறது.

காலையில் வந்ததும் ஸ்டூல் போட்டு ஏறி அவள் வெப்பமானியைப் பார்க்கிறேன். வெறும் தட்டுக்கு வெப்பம் எழுதுகிறேன். அக்காவிடம் இதைப் போய்ச் சொல்லலாம்தான். சொன்னால் அவள் கேட்டுக்கொள்வாள், சோறும் போடுவாள். அதனாலேயே இன்னும் போகவில்லை. ராகி இந்த வருஷம் சுமாராக வந்திருக்கிறது என்று அம்மா சொன்னாள்.